வில்லரே வாசலில் இரண்டு சிங்கங்கள்

அக்கா,

போன கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துவிட்டது. ஜோன்-தலோன் தெருவில் இருக்கும் பல் வைத்தியரிடம் போனேன். அந்தப் பெண் ஓட்டையைத் துப்புரவாக்கி, தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்தாள். வாய் முழுக்கக் கராம்பு மணந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். "வலிக்கிறதா, மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணோரம் வழிந்ததை அவள் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

உங்கள் உடுப்பில் எப்போதும் அந்த மணம் இருக்கும். கராம்பெண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் உங்கள் கைப்பைக்குள் கிடக்கும். பல்வலிக்கு மட்டுமல்ல, தலையிடிக்கும், பஸ்ஸில் வயிற்றைப் பிரட்டினாலும் அதுதான் உங்களுக்கு மருந்து. "நான் பிறந்ததே இந்த மணத்துக்கைதான்" என்பீர்கள். திருகோணமலையில் உங்கள் அப்பா பல் கட்டுகிறவர். அப்பப்பா சீனாவிலிருந்து கப்பலேறி வந்து, கடதாசிப் பூவும் பல் பிடுங்கும் குறடுமாக ஊரூராகத் திரிந்து, கடைசியில் அந்தக் கடற்கரைப் பட்டணத்தில் தங்கிவிட்டவர். அங்கே பிறந்து, அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, கடைசியில் மொன்றியாலுக்கு வந்து சேர்ந்தவர் நீங்கள்.

முதன்முதல் இந்த வில்லரேப் பகுதியில் எங்கள் கதவைத் தட்டிய நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மேல் வீடு வாடகைக்கு இருக்கிறது என்று தமிழில் எழுதித் தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். தமிழ் ஆட்கள் வந்தால் போதும் என்பது என் கணவர் அன்ரனின் எண்ணம். கதவைத் திறந்தால் சீன முகத்தோடு ஒரு பெண் நிற்கிறார். வழி தவறி வந்தவராக்கும் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"ஏன் பிள்ளை பிரெஞ்சு? நோட்டீஸ் தமிழிலைதானே கிடக்கு. வாசிச்சுப்போட்டுத்தான் வாறன்."

பின்னால் நின்ற அன்ரன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது குறைவு. அன்றைக்கே உங்களுக்கு வீடு சரி. என்னை நீங்கள் பிள்ளை என்றீர்கள், அவரைத் தம்பி என்றீர்கள். முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துவதுதான் உங்கள் வேலை. வேலை முடிந்து வந்து அந்த வளைந்த இரும்புப் படியில் ஏறும் சத்தத்தை வைத்தே, அன்றைய நாள் உங்களுக்கு எப்படிப் போனது என்று நான் அறிந்துகொள்வேன்.

சிங்கங்கள் வந்தது அடுத்த இலையுதிர் காலத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் ஒரு சீன உணவகத்தை மூடினார்கள். வாசலில் நின்ற சோடியை யாரும் எடுக்காவிட்டால் உடைத்து எறியப்போகிறோம் என்று அவர்கள் சொன்னார்களாம். உங்களோடு வேலை செய்த ஒருவரின் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அச்சில் வார்த்த சிமெந்துச் சிங்கங்கள், முழங்கால் உயரம். ஒன்று காலடியில் பந்தை அமத்திக்கொண்டு நின்றது. மற்றதின் காலடியில் குட்டி மல்லாந்து கிடந்தது.

"தம்பி, படியின்ரை ரெண்டு பக்கமும் வைச்சால் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை" என்றீர்கள்.

அன்ரனின் முகம் இறுகியதை நான் பார்த்தேன். "அக்கா, நாய் வையுங்கோ. ஆனை வையுங்கோ. சிங்கம் வேண்டாம்."

"இது அந்தச் சிங்கம் இல்லைத் தம்பி."

"எனக்கு எல்லாம் ஒரு சிங்கந்தான்."

நீங்கள் படியேறிப் போய்விட்டீர்கள். பிறகு நான்தான் படியேறி வந்து சொன்னேன். மன்னாரில் அன்ரனின் தமையனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. முகாம் வாசலின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிய சிமெந்துச் சிங்கம். மகன் உள்ளே இருக்கிறானா என்று கேட்க மாமி நாள் தவறாமல் போய், பதில் கிடைக்கும்வரை ஒரு சிங்கத்தின் காலடியில் இருந்திருக்கிறார். வெயில் ஏறினால் அதன் நிழலுக்குள் நகர்ந்து இருப்பாராம். பக்கத்தில் சின்னப் பெடியனாக அன்ரன். தமையன் வரவேயில்லை. மாமி சாகும்வரை இலங்கையின் சிங்கக் கொடியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வேண்டாம். பின் கொட்டிலிலை கிடக்கட்டும்" என்றீர்கள்.

ஒழுங்கைப் பக்கக் கொட்டிலுக்குள் அன்ரன் அவற்றை வைத்தார். முகம் இரண்டும் சுவரைப் பார்த்தபடி. சைக்கிளை உள்ளே விடப் போனபோது நீங்கள் அதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். "முகத்தைச் சுவருக்குக் குடுக்கிறது சரியில்லை" என்று மெல்லச் சொன்னீர்கள். பிறகு நீங்களே, "கண் திறக்கேல்லைத்தானே. கண் திறக்கும் மட்டும் வெறுங் கல்லுத்தான்" என்று உங்களையே ஆற்றிக்கொண்டீர்கள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் கொட்டில் பக்கம் போகவேயில்லை. சைக்கிள் படிக்கடியில் பனியில் கிடந்து துருவேறியது.

ஒரு ஞாயிறு பின்னேரம் உங்கள் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஏன் இந்தச் சிங்கத்தில் இவ்வளவு ஆசை என்று கேட்டேன்.

"ஆசை இல்லைப் பிள்ளை. பழக்கம்."

சீனாவில் சிங்கம் என்ற மிருகமே இல்லை என்றீர்கள். எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்ததைக் கேள்விப்பட்டு, கண்ணால் காணாதவர்கள் செதுக்கினார்களாம். அதுவும் பிறகு சனங்களோடு கப்பலேறியது. ஒரு தீவில் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது. இன்னொரு தீவில் புயற்காற்றை மறிக்க ஊர் எல்லையில் எழுந்து நின்றது. வியட்நாமில் பாதி நாயாகிவிட்டது. "போற ஊரின்ரை முகத்தை எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லி உங்கள் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "நான்தான் எடுக்கேல்லை" என்று சிரித்தீர்கள். உங்கள் அப்பப்பா திருகோணமலையில் கோயில் வேலைக்கு வந்த கல்லுத்தச்சர் ஒருவரைப் பிடித்து, அரைகுறைத் தமிழிலும் சைகையிலும் விளங்கப்படுத்திச் செய்வித்த சோடி, தூணில் இருக்கும் யாளிபோலப் பிதுங்கின கண்ணும் சுருட்டின வாலுமாக வந்து சேர்ந்ததாம். அவர் குறை சொல்லாமல் அதையே கடை வாசலில் நிறுத்திவிட்டார்.

பிறகு தமிழரை அடித்த கலவரம் வந்த நாளைச் சொன்னீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"பட்டப்பகல் பிள்ளை. நாங்கள் கதவுக்குப் பின்னாலை. பக்கத்து வீட்டுத் தையற்காரர், அவரின்ரை மனிசி, பிள்ளையள் எல்லாரையும் அப்பா பின் கதவாலை எடுத்துப் பல்லுக் கதிரைக்குப் பின்னாலை இருத்திப்போட்டார். றோட்டிலை சத்தம் கிட்ட வந்து, எங்கடை வாசலிலை நிண்டுது. ஆரோ ஒருத்தன் சிங்கத்தின்ரை தலையிலை தட்டி, 'இது எங்கடை ஆக்களின்ரை வீடு' எண்டு சிங்களத்திலை சொன்னான். பேந்து அடுத்த வீட்டுக்குப் போச்சினம். தையல் மிசின் எரிஞ்ச மணம் எங்களுக்கு வந்தது. அவையும் எங்களோடை இருந்து அதை மணந்துகொண்டு இருந்தவை."

"அப்ப சிங்கம் காப்பாத்தினது."

"அண்டைக்கு."

சிங்கம் நின்றதால் தப்பிய வீடு என்ற கதை ஊரில் பரவிவிட்டது. சில வருடங்களுக்குப் பிறகு இயக்கப் பெடியள் துவக்கோடு வந்தபோது அந்தக் கதை அவர்கள் காதில் வேறு மாதிரி விழுந்திருந்தது. நீ சிங்களவன் பக்கமோ என்று கேட்டார்கள். சிங்கங்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். ஊரை விட்டுப் போ என்று அப்பாவுக்குச் சொன்னார்கள். தையற்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்த மனிதர்தான் என் பிள்ளைகளைக் காப்பாற்றினவர் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

"உடைச்சவையிலை எனக்குக் கோவம் இல்லைப் பிள்ளை. ஆரெண்டே தெரியாத பெடியள். வேலிக்கை பேசாமல் நிண்ட மனிசன்தான் இப்பவும் கனவிலை வாறார். அந்த வாயிலை இருந்தது முழுக்க அப்பா கட்டிக் குடுத்த பல்லு."

அன்றிரவுச் சாப்பாட்டின்போது இதை அன்ரனுக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பாணைப் பிய்த்தார்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில்தான் சீனாவில் பரவிய நோய் செய்திகளில் வரத் தொடங்கியது. இங்கே இன்னும் ஒன்றும் இல்லை. ஆனால் மெத்ரோவில் உங்கள் பக்கத்து இருக்கை வெறுமையாகவே வந்தது. "ஒரு பொம்பிளை என்னைக் கண்டிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினா. 'இருங்கோ அம்மா, நான் திருகோணமலை' எண்டு தமிழிலை சொன்னன். இன்னும் பயந்து போனா" என்று வந்து சொன்னீர்கள். நாங்கள் சிரித்தோம். அதற்கடுத்த கிழமை பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் துப்பினான். அதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு ஒரு காலை படியெல்லாம் முட்டை உடைந்து உறைந்து கிடந்தது. சுடுதண்ணீர் ஊற்றி, கத்தியால் சுரண்டி எடுத்தேன். நீங்கள் எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். மேலே உங்கள் சன்னல் திரை அசைந்ததைப் பிறகுதான் கண்டேன்.

எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிற ஒரு அன்ரி தொலைபேசி எடுத்தா.

"பிள்ளை, கோவியாதை. மேல் வீட்டுச் சீனத்தியை வீட்டாலை எழுப்பிப் போடு. அன்ரனுக்குச் சலரோகம், சீனி வருத்தம். நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?"

"அவ திருகோணமலை, அன்ரி."

"முகம் சீனந்தானே?"

"ஓம், முகம் சீனம். எங்கடை வீட்டிலைதான் இருப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கூரைப் பலகை மெல்லியது. மேலே உங்கள் காலடிச் சத்தம் அவ்வளவு நேரமும் கேட்கவில்லை. நான் தொலைபேசியை வைத்த பிறகுதான் கேட்டது.

மார்ச் தொடங்கி ஒரு விடியற்காலை உங்கள் கதவுக் கண்ணாடி உடைந்தது. கல்லை எறிந்துவிட்டு ஓடியவனை யாரும் காணவில்லை. பொலிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. கதவில் கரியால், திரும்பிப் போ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. நீங்கள் அதன் முன்னால் நின்று, "எங்கை போறது எண்டு எழுதேல்லைப் பார்" என்றீர்கள். பகிடி மாதிரித்தான் சொன்னீர்கள். உங்கள் உதடு வெள்ளையாக இருந்தது.

அன்ரன் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். பிறகு ஒழுங்கைப் பக்கம் போனார். கொட்டில் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. எங்கள் மகள் சின்ன வயதில் பனியில் சறுக்கி விளையாடிய வண்டியில் சிங்கங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கத்துக்கு இழுத்து வந்தார். அவர் முகத்தில் வியர்வை ஆவியாகப் பறந்தது.

"தம்பி, என்ன செய்யிறியள்?"

"எது எந்தப் பக்கம், அக்கா?"

நீங்கள் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தீர்கள். "வீட்டுக்குள்ளையிருந்து பாத்தால் பந்து வைச்சிருக்கிறவர் இடப்பக்கம். குட்டியோடை இருக்கிறவ வலப்பக்கம்."

கண் திறப்பதற்குச் சீனத்துச் செஞ்சாந்து உங்களிடம் இல்லை. தமிழ்க் கடையில் வாங்கிய குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, நான்கு கண்ணுக்கும் மோதிர விரலால் வைத்தீர்கள். நானும் அன்ரனும் கத்தோலிக்கர், பக்கத்தில் நிற்கலாமோ தெரியாமல் நின்றோம். "இனிப் பாக்கும்" என்றீர்கள். அன்ரன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தன் வாசலில் தானே இழுத்து வந்து வைத்த அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. எந்தச் சொல்லையும்விட அந்தத் திரும்பல் எனக்கு அவரைக் காட்டியது.

எனக்கு நிம்மதி வரவில்லை, அக்கா. அதுவரை எந்தக் கதவுக்குப் பின்னால் சீன முகம் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது வாசலே சொல்லிக்கொண்டு நின்றது. போதாததற்கு மழையும் பனியும் கலந்து பெய்து குங்குமத்தைக் கரைத்தது. இரண்டு முகத்திலும் கண்ணிலிருந்து தாடைவரை சிவப்பாக வழிந்து காய்ந்துவிட்டது. கழுவிவிடவோ என்று கேட்டேன். "வேண்டாம், கை வையாதையுங்கோ" என்றீர்கள்.

பிறகு எல்லாம் மூடப்பட்டது. எல்லாம் சரியாகும் என்று பிள்ளைகள் வானவில் கீறிச் சன்னல்களில் ஒட்டினார்கள். தெருவில் அம்புலன்ஸ் மட்டும் போனது. முதியோர் இல்லங்களில் சாகிறார்கள் என்று செய்தி. வேலைக்கு வந்தவர்கள் பலர் வராமல் நின்றார்கள். நீங்கள் போனீர்கள். "நான் போகாட்டி ஆர் அதுகளுக்குத் தண்ணி பருக்கிறது?" திரும்பி வரும்போது படியில் உங்கள் காலடி கேட்டுக் கேட்டு நின்றது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் அவ்வளவு நேரம்.

அந்த நாட்களில்தான் எதிர்ப்பக்கத்தில் அந்த ஆள் நிற்கத் தொடங்கினான். மூடிக் கிடந்த சிகையலங்காரக் கடையின் வாசலில், சாம்பல் நிறக் கோட்டோடு. காலையில் வருவான். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு உங்கள் கதவையே பார்ப்பான். நீங்கள் அதற்கு முன்னரே வேலைக்குப் போய்விட்டிருப்பீர்கள். அவன் போவதையும் காணமாட்டேன், திரும்பிப் பார்த்தால் இடம் வெறுமையாக இருக்கும். மறுநாள் மறுபடி. நான் அடுப்படிக்கும் சன்னலுக்குமாக நடந்தேன். சமைத்தது கருகியது. அன்ரன் பனி அள்ளும் சவளைக் கதவடியில் சாத்தி வைத்தார்.

உங்களுக்கு ஓய்வு கிடைத்த ஒரு காலை அன்ரன் பொறுக்காமல் சவளோடு தெருவைக் கடந்தார். நான் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று பிரெஞ்சில் கத்தினார்.

அவன் பையிலிருந்து கைகளை எடுத்தான். வெறுங்கை. கிட்டப் பார்த்தால் எங்கள் வயதுதான், சவரம் செய்யாத முகம். "அந்தப் பெண்ணோடு பேச வேண்டும். என் அம்மா இருக்கும் இல்லத்தில் அவர் வேலை செய்கிறார். எங்களை உள்ளே விடுகிறார்கள் இல்லை. தொலைபேசியை யாரும் எடுக்கிறார்கள் இல்லை. சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தபோது, அம்மாவின் தலையை அவர் வாரிக்கொண்டிருந்தார். அவர் இந்தப் படியில் ஏறுவதை முன்பு ஒரு நாள் கண்டிருக்கிறேன்."

"அப்போது ஏன் வந்து கதவைத் தட்டவில்லை?"

அவன் சிங்கங்களைக் கையால் காட்டினான். "ஒவ்வொரு நாளும் தட்டத்தான் வருகிறேன். இவற்றின் கண்ணைப் பார்த்தால் கால் வருகிறதில்லை."

நீங்கள் மேலே பல்கனியில் வந்து நின்றதை அப்போதுதான் கண்டோம். அம்மாவின் பெயரைக் கேட்டீர்கள். அவன் சொன்னான். நீங்கள் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நேற்றுப் பின்னேரம், மிஸ்யூ" என்றீர்கள். "நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்திருந்தேன். தனியாகப் போகவில்லை."

அம்மா இறந்ததை அவனுக்கு யாரும் இன்னும் அழைத்துச் சொல்லியிருக்கவில்லை. அவன் நடைபாதையின் கரைக்கல்லில் குந்திவிட்டான். அன்ரன் சவளை நிலத்தில் வைத்துவிட்டு, எட்டத்தில், தெருவின் ஈரத்திலேயே தானும் இருந்தார். கிட்டப் போக முடியாத காலம் அது.

அன்று நீங்கள் படியின் மேலிருந்தபடி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "நாங்கள் தெருவைப் பாத்துப் பயந்துகொண்டு இருக்கிறம், பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் காலை விளங்கியது.

அன்ரன்தான் முதலில் கண்டார். சிங்கங்கள் இரண்டும் திரும்பி நின்றன. தெருவுக்கு முதுகு. சிவப்பு வழிந்த முகங்கள் இரண்டும் படியை, உங்கள் கதவை நிமிர்ந்து பார்த்தபடி. "ஆரடா இந்த வேலை செய்தவன்!" என்று சத்தம் போட்டுக்கொண்டு அவர் குனிந்து தூக்கப் போனார்.

"தம்பி, அவையிலை கை வையாதையுங்கோ. நான்தான் திருப்பினனான்."

"இந்தப் பாரத்தை எப்பிடி அக்கா?"

"படுக்கையிலை ஆளைத் திருப்புற மாதிரித்தான். ஒரு தோளைப் பிடிச்சால் மிச்சம் தானா வரும்." முகக்கவசத்துக்கு மேலால் உங்கள் கண் மட்டும் தெரிந்தது. "இனி வாறது தெருவாலை வராது தம்பி. வந்தால் என்னோடைதான் வரும். அவை என்னைப் பாக்கட்டும். உங்களுக்குச் சலரோகம்."

அன்றிலிருந்து நீங்கள் முன் படியால் ஏறவில்லை. ஒழுங்கையால் வந்து, வேலை உடுப்பைக் கொட்டிலில் கழற்றி வைத்துவிட்டுப் பின் படியால் போனீர்கள். நான் பின் வாசலில் வைத்த சாப்பாட்டை, நான் உள்ளே போன பிறகே எடுத்தீர்கள். சிங்கங்கள் அந்த மூடிய முன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றன. அந்த நாட்களில் நான் அவற்றைக் கடந்து வெளியே போகவேயில்லை. அவற்றுக்கு ஏதோ தெரிந்துவிட்டது போலிருந்தது.

பிறகு இருமல். மெல்லிய பலகைக்கு மேலால் முதலில் ஒன்று, பிறகு தொடர்ந்து. நான் தும்புத்தடியால் கூரையில் தட்டுவேன். நீங்கள் காலால் தட்டிப் பதில் சொல்வீர்கள். ஒரு மத்தியானம் பதில் வரவில்லை. அன்ரன் அம்புலன்சுக்கு அடித்தார்.

தலையிலிருந்து கால்வரை மூடியவர்கள் உங்களை நாற்காலியில் கட்டி முன் படியால் இறக்கினார்கள். அந்த வளைவில் நாற்காலி சரிந்தபோது நீங்கள் சிங்கங்களுக்கு நேரே வந்தீர்கள். கவசத்துக்குள்ளால் என்னவோ சொன்னீர்கள். எங்களை எட்டத்தில் நிற்கச் சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கிட்ட நின்ற அன்ரனுக்குக் கேட்டது. "நான் சொல்லும் மட்டும் திருப்பாதையுங்கோ."

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு முறை பேசினோம். தாதி தொலைபேசியைப் பிடித்திருந்தாள். உங்கள் மூச்சுத்தான் முதலில் வந்தது.

"தம்பிக்கு இருமல் இருக்கோ?"

"இல்லை அக்கா."

"உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை."

"அப்ப சரி. அதுகள் வேலை செய்யுதுகள்."

அதுதான் கடைசி. அடுத்த நாள் அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் நடந்தது போலத்தான் உங்களுக்கும் நடந்தது. பெட்டியை நாங்கள் காணவில்லை. கோடை பிறந்த பிறகு சாம்பலைத் தந்தார்கள். விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்பில் இருக்கும் உங்கள் கூடப்பிறந்த தம்பிக்கு அன்ரன் நேரே கொண்டுபோய்க் கொடுத்தார். சிங்கக் கொடி பறக்கும் அந்த விமான நிலையத்தில் இறங்கவே மாட்டேன் என்று இருந்தவர். உங்களுக்காக இறங்கினார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "கொடியைப் பாக்கேல்லை. மடியிலை இருந்ததைப் பாத்துக்கொண்டு போனன்" என்றார்.

கோயிலில் அந்த அன்ரி என் கையைப் பிடித்து, "நல்ல மனிசி, பாவம்" என்றா. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. "ஓம். எங்கடை வீட்டிலை இருந்தவ" என்று மட்டும் சொன்னேன். அவ கையை விட்டுவிட்டா.

மேல் வீட்டில் இப்போது படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சிங்கங்கள் இன்னும் உள்ளே பார்த்துத்தான் நிற்கின்றன. பொதி கொண்டுவந்த ஒரு சீனக் கிழவர் போன வருடம் அவற்றைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், இப்படி வைத்தால் வீட்டுக்காரரையே பகையாகப் பார்க்கும், உடனே திருப்புங்கள் என்றார். "தெரியும்" என்றார் அன்ரன். திருப்பவில்லை. நீங்கள் இன்னும் சொல்லவில்லையே.

குளிரில் ஒன்றின் தாடை வெடித்துவிட்டது. குங்குமம் போய் எத்தனையோ காலம், ஆனால் அது ஓடிய தடம் சிமெந்தில் கறையாக நிற்கிறது. வேலை முடிந்து சாமான் பையோடு வரும்போது அவற்றின் முதுகைத்தான் முதலில் காண்பேன். கடந்து போய்க் கதவைத் திறக்கத் திரும்பினால் முகம். என்ன கொண்டு வாறாய் என்று கேட்பது போலிருக்கும். பையில் இருப்பதை அல்ல. பஸ்ஸில் யாரைப் பார்த்து ஒதுங்கி இருந்தேன், யாரைப் பற்றி யார் சொன்ன எந்தக் கதையை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டு வந்தேன், எங்கே வேலிக்கு இந்தப் பக்கம் பேசாமல் நின்றேன் என்று. சில நாள் நேரே உள்ளே போய்விடுவேன். சில நாள், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு குளிரிலும் அப்படியே நிற்க வேண்டியிருக்கிறது.

சன்னலால் கண்டாலும் அன்ரன் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை. அவரும் அந்த இடத்தில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.